ஒட்டு பிடித்ததா, கட்டு மட்டும்தானா?

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன்னால் தாங்களே உறுதிசெய்ய ஆயத்தப்படுத்துகிற வகுப்பு, எடுக்கிற வேலை பல வருஷமாக என் தலையில். பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு சனி, ஞாயிறு அவர்களை ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். போன தடவை, இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழோ எட்டோ தாண்டியிருப்போம். வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்த ஒரு பெண் திடீரென்று திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, விசுவாசிச்சா போதும், இரட்சிப்பு இலவசம்னு சொல்றீங்க. அப்புறம் கீழ்ப்படி, கீழ்ப்படின்னும் சொல்றீங்க. ஃப்ரீன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு, கடைசியில பில்லு நீட்டுற மாதிரி இருக்குக்கா."

வளைவில் பஸ் சாய்ந்ததில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. மேலே போன பிறகு சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவ வீட்டில் வளராதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

மனிதன் பாவத்தால் கடவுளை விட்டு விலகிப்போனான், தானாகத் திரும்பிவர அவனுக்கு வழியில்லை, இயேசு கிறிஸ்துவின் சிலுவை மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் கடவுளே வழியைத் திறந்தார். கிறிஸ்தவம் சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான். அந்த மீட்புக்குப் பெயர் இரட்சிப்பு. தகுதி பார்க்காமல் கடவுள் காட்டுகிற தயவுக்குப் பெயர் கிருபை; கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். அந்தக் கிருபையை ஏற்கக் கை நீட்டுவதுதான் விசுவாசம்.

இந்த விசுவாசம் என்ற சொல்லில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. எங்கள் சபைகளில் வாசிக்கிற பழைய வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும். கத்தோலிக்கர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே மூன்றும் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒருவருக்கு மூன்றில் முதலாவதாக இருக்கிற நம்பிக்கை, மற்றவருக்கு இரண்டாவது. பெரியம்மா வீடு கத்தோலிக்கம், சித்தி வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) என்று இருக்கிற பிள்ளைகள் சேலத்தில் நிறைய. வகுப்பில் முதல் அரை மணி நேரம் இதற்கே போய்விடும்.

எனக்கென்னவோ விசுவாசம் என்ற பழைய சொல்லே பிடித்திருக்கிறது. நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். முப்பது வருஷம் முதலாளிக்கு விசுவாசமாக இருந்தான் என்றால், முதலாளி என்று ஒருவர் இருப்பதை அவன் ஒப்புக்கொண்டான் என்றா அர்த்தம்? புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குரிய சொல் பிஸ்டிஸ். அதற்கும் இந்த இரண்டு முகமும் உண்டு: ஒருவரை நம்புவது ஒன்று, அவருக்கு உண்மையாக இருப்பது இன்னொன்று. சொல்லுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

கீழ்ப்படிதல் என்ற சொல்லோ பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. கீழே, படி, அடங்கு என்று ஏதோ ஹாஸ்டல் வார்டன் குரல் அதில் கேட்கிறது. ஆனால் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இந்தச் சொல்லின் வேர் காதில் இருக்கிறது. எபிரேயத்தில் 'ஷமா' என்றால் காதால் கேட்பது, கேட்டபடி செய்வது, இரண்டும். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். "எம் பையன் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்" என்று புலம்புகிற அம்மாவை யாரும் காது டாக்டரிடம் அனுப்புவதில்லை. நம் மொழியிலும் கேட்பது என்றால் இரண்டும்தான். 'இஸ்ரவேலே, கேள்' என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் 6:4 சொல்வது இந்த முழு அர்த்தத்தில்.

ரோமர் 10:17 'விசுவாசம் கேள்வியினாலே வரும்' என்கிறது. கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று ஒரு பையன் அதை விளக்கினான். தப்பென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது வள்ளுவர் 42ஆம் அதிகாரத்துக்கு வைத்த 'கேள்வி'. செவி கொடுத்தல். ஆக, விசுவாசம் பிறப்பதே கேட்பதில். கேட்டல் என்ற அந்த ஒரே செயலின் முன்பக்கம் விசுவாசம், பின்பக்கம் கீழ்ப்படிதல்.

அப்படியானால் வெறுமனே 'நம்புகிறேன்' என்பது என்ன? இறையியல் படித்தவர்கள் விசுவாசத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள்: செய்தியைத் தெரிந்துகொள்வது, அது உண்மை என்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் தன்னையே சாய்த்துவிடுவது. முதல் இரண்டும் பிசாசுக்கும் உண்டு. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம், அதாவது கடிதம், 2:19இல் அப்படியே சொல்கிறது: 'பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன.' இந்த பஸ் ஏற்காடு போகும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டே சேலம் பஸ் நிலையத்தில் சாயங்காலம் வரை நிற்கலாம்.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம். எபேசியர் 2:8,9: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்', 'கிரியைகளினால் உண்டானதல்ல'. இது அப்போஸ்தலர் பவுல் எழுதியது. யாக்கோபு 2:24: 'மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்'. கிரியை என்றால் செயல். நேருக்கு நேர் மோதுகிற மாதிரிதான் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கே அப்படித் தோன்றியது. 1522இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதிவிட்டார். அதே லூத்தர் அதே பதிப்பில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நல்லது செய்யவேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருக்காது, கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்கிறார். அதை யாக்கோபு வாசித்திருந்தால் லூத்தருக்குக் கை கொடுத்திருப்பார்.

இதில் வேடிக்கை, இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளை: இஸ்ரவேலரின் முற்பிதா ஆபிரகாமை. வகுப்பில் நான் கரும்பலகையில் வயதுகளை எழுதிப்போடுவேன். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்படும்போது வயது 75. வேலைக்காரி ஆகாரிடம் மகன் இஸ்மவேல் பிறக்கும்போது 86. விருத்தசேதனம் (கடவுளோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளமாக ஆணின் முன்தோலை அகற்றுவது) 99இல். மனைவி சாராளிடம் மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. எல்லாம் ஆதியாகமத்திலேயே இருக்கிறது. 'அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்' என்ற வசனம் வருவது 15ஆம் அதிகாரத்தில், அதாவது இஸ்மவேல் பிறப்பதற்கு முன்னால். விருத்தசேதனமோ 17ஆம் அதிகாரத்தில். இடையில் குறைந்தது பதின்மூன்று வருஷம்.

பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். யூதரல்லாதவர்கள் கிறிஸ்துவிடம் வந்தால் முதலில் விருத்தசேதனம் செய்தாகவேண்டும் என்று சிலர் அப்போது கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டபோது அவர் உடம்பில் அந்த அடையாளம் இல்லையே, எந்தச் சடங்கைக் காட்டி அவர் வாங்கினார் என்று ரோமர் 4இல் கேட்கிறார் பவுல். வானத்து நட்சத்திரங்களைக் காட்டி உன் சந்ததி இப்படி இருக்கும் என்று கடவுள் சொன்னார், பிள்ளையில்லாத அந்தக் கிழவர் நம்பினார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

யாக்கோபு போய் நிற்பது 22ஆம் அதிகாரத்தில். ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். அவனைப் பலியிடு என்று கடவுள் சொன்னதைக் கேட்டு, அவனை மோரியா மலைக்குக் கூட்டிக்கொண்டு ஆபிரகாம் ஏறுகிறார். 15ஆம் அதிகாரத்து வசனம் அன்றைக்குத்தான் நிறைவேறிற்று என்கிறார் யாக்கோபு. இரவில் நட்சத்திரத்தைப் பார்த்து நம்பியது உண்மையான நம்பிக்கைதானா என்று அன்றைக்குக் காலையில் தெரிந்துவிட்டது.

பவுல் பேசுவது, கடவுளிடம் எதைக் கொண்டுபோய் ஏற்றுக்கொள்ளப்படுவேன் என்று பதறுகிறவனிடம். அவனுக்கு, ஒன்றும் கொண்டுபோகாதே என்கிறார். யாக்கோபு பேசுவது, ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனிடம். பவுலுக்குக் கீழ்ப்படிதல் பிடிக்காது என்று நினைத்துவிடவேண்டாம். இந்த விவாதமெல்லாம் நடக்கிற ரோமர் நிருபத்தையே அவர் 'விசுவாசத்திற்குக் கீழ்ப்படிதல்' என்ற எண்ணத்தோடுதான் தொடங்குகிறார் (1:5), கடைசி அதிகாரத்திலும் அதையே சொல்லி முடிக்கிறார் (16:26).

பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. 15க்கும் 22க்கும் நடுவில் ஆபிரகாம் ஒழுங்காக இல்லை. கடவுள் சொன்ன பிள்ளை வரத் தாமதமாகிறது என்று ஆகாரிடம் போனார். 20ஆம் அதிகாரத்தில் பயந்துபோய் மனைவியைத் தங்கை என்று சொல்லி ஒரு ராஜாவின் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தார், அதுவும் இரண்டாவது தடவை. அப்படிப்பட்டவரைத்தான் வேதம் விசுவாசிகளின் தகப்பன் என்கிறது. கீழ்ப்படிதல் என்றதும் தப்பே செய்யாத ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டு, அது நம்மால் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கங்களை நிதானமாக வாசிக்கவேண்டும்.

யாக்கோபைப் புரியவைக்க ஏற்காட்டுக் குளிரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இரவுக் கூட்டத்தில் 2:15,16 வாசித்துக்கொண்டிருந்தோம். துணியில்லாமல், சாப்பாடில்லாமல் நிற்கிற ஒருவரிடம் 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்கிற வசனம். நான் உருக்கமாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து வெளியே போனான். போன் பேசப் போகிறான் என்று எனக்குக் கோபம். போகிற வழியில் என் பக்கத்தில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவனை என்னடா என்று கேட்டேன். "கேட்டுல வாட்ச்மேன் தாத்தா வெறும் துண்டோட உக்காந்திருக்காருக்கா. உங்ககிட்ட ரெண்டு இருந்துச்சுல்ல." அந்தத் தாத்தாவுக்கு நான் சாயங்காலம் வரும்போதே ஸ்தோத்திரம் சொல்லி, தாத்தா குளிருக்குப் பாத்து இருந்துக்கோங்க என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வசனத்தை நடத்திய ஆள் நான்.

இலவசம், பில் என்ற கேள்விக்கு வருகிறேன். மறுநாள் இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஒட்டு மாங்கன்றைப் பற்றி. குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கதை. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றை மேலே வெட்டிவிட்டு, தண்டைப் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய மல்கோவாக் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஈரம் போகாமல் மேலே ஒரு கவர். அப்புறம் காத்திருக்கவேண்டும். சுமார் மூன்று வாரத்தில் குச்சி துளிர் விட்டால், ஒட்டு பிடித்துவிட்டது என்பார்கள்.

குச்சி துளிர் விட்டதற்குக் கூலியாக வேரோடு சேர்க்கப்பட்டதா? வேரோடு சேர்ந்ததால் துளிர் விட்டது. வெட்டி எடுத்த குச்சி தன்னை எங்கேயும் ஒட்டிக்கொள்ள முடியாது. யாரோ ஒருவர் கையில் எடுத்துச் செருகவேண்டும். அது கிருபை. ஆனால் மூன்று மாதமாகியும் ஓர் இலை கூட இல்லாமல் காய்ந்து நிற்கிற குச்சியைப் பார்த்து, கட்டு பலமாகத்தானே இருக்கிறது, ஒட்டுக்கன்றுதான் என்று யார் சொன்னாலும் சேலத்துக்காரன் நம்பமாட்டான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பாடகர் குழுவில் இடம், கூட்டத்தில் ஒருநாள் கை தூக்கியது, எல்லாம் நாடாவும் கட்டும். தேவைதான். 'கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது' என்று யாக்கோபு சொல்வது, உள்ளே பிடிக்காமல் வெளியே கட்டி நிற்கிற அந்தக் குச்சியை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, நர்சரிக்காரர்களுக்குத் தெரியும். சில குச்சி தன் உள்ளே மிச்சமிருந்த சத்தை வைத்தே நாலு இலை விட்டுவிடும். பார்த்தால் பிடித்த மாதிரியே இருக்கும். அடுத்த வாரம் வெயிலுக்கு வாடிப்போகும். விதைக்கிறவன் உவமையில் இயேசு சொன்ன கற்பாறை நிலமும் இதுதான்: சந்தோஷமாக உடனே ஏற்றுக்கொண்டு, வேர் இல்லாததால் உபத்திரவம் வந்ததும் இடறிப்போகிறவர்கள் (மாற்கு 4:16,17). அதனால்தான் எழுப்புதல் கூட்டம் முடிந்த மறுநாளே யாருக்கும் சான்றிதழ் கொடுக்க நான் அவசரப்படுவதில்லை. மறுபக்கம், இளங்கன்று சீக்கிரமே பூத்துவிட்டால் அந்தப் பூவைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். காய்க்கிற பலம் வர நாலைந்து வருஷமாகும். புதிதாக விசுவாசத்துக்குள் வந்த பிள்ளையை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

உவமைக்கும் எல்லை உண்டு. குச்சிக்கு மனம் கிடையாது, முரண்டு பிடிக்காது, நாம் பிடிப்போம். ஆனால் எது முதலில், எது பின்னால் என்ற வரிசையை இது சரியாகக் காட்டுகிறது. பழைய ஏற்பாட்டிலும் அதே வரிசைதான். செங்கடலைக் கடந்தது யாத்திராகமம் 14இல். பத்துக் கட்டளைகள் 20இல். அந்தக் கட்டளைகளுக்கும் முதல் வரி, எகிப்தின் அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவன் நான் என்பது. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று எகிப்தில் யாரும் அவர்களிடம் பேரம் பேசவில்லை. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன் சகேயுவின் கதையும் அப்படியே. இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று மரத்தைப் பார்த்து இயேசு சொன்னது முன்னால். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினதற்கு நாலத்தனை என்று அவன் எழுந்து நின்று சொன்னது பின்னால்.

பேரம் நம் ரத்தத்தில் ஊறியது. மார்க் வந்தால் உபவாசம், வேலை கிடைத்தால் தசமபாகம். நேர்த்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் கீழ்ப்படிதலைக் கடவுளிடம் கட்டுகிற தவணையாக நினைக்கிற பிள்ளை, ஒரு தவணை தவறியதும் பயந்து சபைக்கே வராமல் போய்விடுகிறது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளன் எதற்குக் கீழ்ப்படிந்தான்? ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, கையும் காலும் ஆணியில். 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. கிரியையால் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. ஆனாலும் லூக்கா 23ஐ மெதுவாகப் படியுங்கள். உயிர் போவதற்குள் அந்த ஆள் கூட்டாளியைக் கண்டித்தான். நமக்கு இது நியாயம்தான் என்று தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். இவர் தகாதது ஒன்றும் செய்யவில்லை என்று ஊரே எதிர்த்து நிற்கையில் வாயைத் திறந்து சொன்னான். என்னை நினைத்தருளும் என்று கேட்டான். அசைக்க முடிந்தது நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கு அதற்குள் மாறிவிட்டிருந்தது. மிச்சமிருந்த சில மணி நேரத்துக்குள் எவ்வளவு துளிர் விடமுடியுமோ அவ்வளவு.

சபைகள் இதைப்பற்றிச் சண்டை போட்ட கதை நீளம். 1517இல் லூத்தர் ஆரம்பித்தார். 1547இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கப் பதிலை வகுத்தது. விசுவாசம் மட்டுமே என்று ஒரு பக்கம், அன்பினால் உயிர்பெற்ற விசுவாசம் என்று மறுபக்கம். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதியால் அல்லாமல் கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவை விசுவாசிப்பதால் ஏற்கப்படுகிறோம், நற்செயல்கள் அதைத் தொடர்ந்து வரும் கனிகள் என்பதை இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டன. 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதில் சேர்ந்துகொண்டன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் விழுந்துபோக முடியுமா என்று கேட்டால் சேலத்துக்குள்ளேயே தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கும். அதில் நான் இறங்கப்போவதில்லை.

"எனக்கு ஒட்டு பிடிச்சிருக்கான்னு எப்படிக்கா தெரியும்?" என்று அந்தப் பெண் அடிவாரத்தில் இறங்கும்போது கேட்டாள். தினமும் நாடாவை அவிழ்த்துப் பார்த்தால் பிடிக்கிறதும் பிடிக்காமல் போய்விடும் என்றேன். சிரித்தாள், ஆனால் முகம் தெளியவில்லை. மாற்கு 9இல் வலிப்பு வரும் மகனைக் கொண்டுவந்த அப்பாவைச் சொன்னேன். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவர் அவர். பாதி சந்தேகத்தோடுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை சுகமானான்.

அடுத்த வகுப்பில் மத்தேயு 21இல் வருகிற இரண்டு மகன்கள் கதையை எடுத்தேன். திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்குப் போ என்று அப்பா சொல்கிறார். ஒருவன் 'போகிறேன் ஐயா' என்றான், போகவில்லை. மற்றவன் 'மாட்டேன்' என்றான், பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். அப்பாவின் இஷ்டப்படி செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். பதில் எல்லோருக்கும் தெரியும். கம்பளியைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பையன் மட்டும் கை தூக்கினான்.

"அக்கா, மாட்டேன்னு சொன்னவன் அப்பாகிட்ட திரும்பிப் போய் சாரி கேட்டானா?"

வேதாகமத்தைத் திருப்பிப் பார்த்தேன். கேட்டதாக எழுதியில்லை. போனான் என்றுதான் இருக்கிறது.